கொத்தனார் முக்கோணத்தில் ஒரு காந்தாரம்

கேள்வி: பிளஸ் டூவில் கலப்பெண் (மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் சேர்ந்த எண்) நடத்தியபோது "இது எதுக்கு சார்?" என்று கேட்டுத் திட்டு வாங்கியவன் நான். இப்போது கீபோர்டு வாசிக்கிறேன். கலப்பெண்ணை வைத்துப் புதுச் சுருதி அமைக்கலாம் என்கிறார்களே, கற்பனை எண்ணை எப்படி ஐயா வாசிப்பது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: எண்ணை விடுங்கள் தம்பி, அதன் கோணத்தை வாசியுங்கள்.

என் அப்பா ஆர்மோனியம் பழுது பார்த்தவர். ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஸ-வில் தொடங்கி சுத்தமான பஞ்சமமாகவே பன்னிரண்டு முறை தாண்டிப் போனால் ஸ-வுக்கே வந்து சேர வேண்டும். வராது, கொஞ்சம் தாண்டி நிற்கும். "கடைசி ரீடுல கடன் விழுதுடா" என்பார். ஒரு ஸ்தாயியை, அதாவது ஸ-விலிருந்து மேல் ஸ வரையிலான தூரத்தை, 1200 சென்ட் என்று வைத்தால் அந்தக் கடன் 23.46 சென்ட். ஸ்தாயி ஏறினால் அதிர்வு 2 மடங்கு, சுத்தமான பஞ்சமம் ஏறினால் 3/2 மடங்கு. 3-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 2-இன் அடுக்கு ஒன்றில் போய் விழாது என்பதுதான் காரணம். பன்னிரண்டு மூன்றுகளின் பெருக்கல் 5,31,441. பத்தொன்பது இரண்டுகளுடையது 5,24,288.

இனி ஸ்தாயியை வட்டமாக வளையுங்கள், 1200 சென்ட்டும் 360 பாகை ஆகும். (சிலப்பதிகார உரை சொல்லும் வட்டப்பாலையும் பன்னிரண்டு இராசி வீடுகளில்தான் சுரங்களை உட்கார வைக்கிறது.) மையத்திலிருந்து ஓரலகு தூரத்தில் இருக்கும் கலப்பெண்களைப் பெருக்கும்போது கோணங்கள் கூடும். உங்கள் கீபோர்டில் இருப்பவை ஒன்றின் பன்னிரண்டாம் படிமூலங்கள் (தன்னைத்தானே பன்னிரண்டு முறை பெருக்கினால் ஒன்று வரும் எண்கள்), கட்டைக்கு 30 பாகை. அப்பாவின் கடனை எல்லாச் சுரத்துக்கும் பங்கு போட்டு வட்டத்தை மூடிவிட்டார்கள். ஆனாலும் அந்தர காந்தாரம் (பெரிய க) சுத்தமாக அமையவில்லை. ஸ 240 ஹெர்ட்ஸ் என்றால் 300-இல் நிற்க வேண்டியது 302.4-இல் நிற்கிறது.

மூடாத கோணத்தை எடுத்தால் என்ன? கொத்தனார் மூலைமட்டம் பார்க்க 3, 4, 5 அடி அளந்து நூல் பிடிப்பாரே, அந்த முக்கோணமே போதும். மெய்ப்பகுதி 3/5, கற்பனைப் பகுதி 4/5. கோணம் 53.13 பாகை, சுருதியில் 177.1 சென்ட். இதை அடுக்கிக்கொண்டே போனால் 354, 531, 708, 886, 1063. ஏழாவது அடி மேல் ஸ-வைக் கிட்டத்தட்ட 40 சென்ட் தாண்டிவிடும். 61 அடி போனால் ஒன்பது ஸ்தாயிக்கு மேல் மூன்றே சென்ட் மிச்சம். அப்போதும் மூடாது, எப்போதும் மூடாது. ஏன்? இரண்டுடன் கற்பனை ஒன்றை (i) கூட்டினால் ஓர் எண், கழித்தால் ஓர் எண். 5 அந்த இரண்டின் பெருக்கலாக உடைகிறது. நம் கோணம் ஒன்றை மற்றதால் வகுத்து வருவது. இரு பகுதியும் முழு எண்ணாக உள்ள கலப்பெண்களின் உலகத்தில் இரண்டும் பகா எண்கள். 2-உம் 3-உம் போல ஒன்றின் அடுக்கு மற்றதன் அடுக்கோடு சேராது. அப்பா ரீடில் கண்ட அதே கடன்!

கேட்க எப்படி இருக்கும்? பஞ்சமம் 708, சுத்தமானதை விட ஆறு சென்ட் அதிகம், தம்புராவோடு மெல்ல அலை அடிக்கும், பொறுத்துக்கொள்ளலாம். 531-இல் இருக்கும் மத்தியமம் ரொம்ப ஏறி நிற்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. 354-இல் இருக்கும் காந்தாரம்தான் விசேஷம். பாட்டு வாத்தியாரான என் மனைவி கேட்டுவிட்டு, "இது சாதாரணமா, அந்தரமா? முதல்ல முடிவு பண்ணிட்டு வாசிங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். சாதாரண காந்தாரம் (சின்ன க), அந்தர காந்தாரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட நட்டநடு அது.

செய்து பார்க்க ஸ்காலா என்ற இலவச மென்பொருள் உண்டு. முதலில் ஒரு வரி விளக்கம், அடுத்து சுரங்களின் எண்ணிக்கை, பிறகு சென்ட் எண்களைத் தசமப் புள்ளியோடு வரிக்கு ஒன்றாக எழுதிய கோப்பே போதும், கடைசி வரியில் 1200.0.

கேள்வி: அப்படியானால் ஒரு ஸ்தாயிக்குள் நாம் சொல்லும் 22 சுருதி ஒன்றின் 22-ஆம் படிமூலங்களா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை அம்மா. வழக்கமாகச் சொல்லப்படும் 22 சுருதிகளின் இடைவெளிகள் சமமானவை அல்ல. சமமாக வெட்டினால் பஞ்சமம் 709.1-க்குப் போய்விடும், கொத்தனார் பஞ்சமத்துக்குப் பக்கத்து வீடு! தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 22-ஐ மறுத்து 24 என்று வாதாடினார். 24 சமபாகத்தில் பஞ்சமம் 700, அதாவது உங்கள் வீட்டு ஆர்மோனியத்தில் இருப்பதேதான்.