கருப்பு அடிச்சா மட்டும் கோதிக் ஆயிடுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கோதிக் ஸ்டைல்ல, அதாவது ஐரோப்பால மத்திய காலத்து ஆலயங்கள்லருந்து வந்த ஸ்டைல்ல, வீட்ட அலங்கரிக்கறது பத்தி ஒரே ஒரு பக்கம்தான் எழுதினேன், அதுக்கு வந்த கேள்விகள படிச்சு முடிக்கவே ரெண்டு நாள் ஆச்சு. எல்லாத்துக்கும் இங்க இடம் பத்தாது, அதனால ஒரே மாதிரி கேள்விகள ஒண்ணா சேத்துட்டு, நான் என் கையால செஞ்சு பாத்த விஷயங்களுக்கு முதல் இடம் குடுத்திருக்கேன்.

கேள்வி: அக்கா, ரொம்ப நாள் ஆசைப்பட்டு பெட்ரூம் நாலு சுவத்துலயும் கருப்பு பெயிண்ட் அடிச்சேன். படத்துல பாத்தப்ப அவ்ளோ அழகா இருந்துச்சு, இப்ப ராத்திரி டியூப் லைட் போட்டா குகைக்குள்ள படுத்திருக்க மாதிரி மூச்சு முட்டுது. திரும்ப வெள்ளையே அடிச்சிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்க, பிரஷ்ஷ கீழ வைங்க. சீலிங்ல ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் பளிச்சுனு வெள்ளையா எரியுதுன்னு எழுதிருக்கீங்க, அங்கதான் சிக்கல். மேல இருந்து வர்ற வெள்ளை வெளிச்சம் கருப்புச் சுவத்துல பட்டா சுவர் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும், மூலையெல்லாம் இருண்டு ரூம் சுருங்கிடும். அத அணைச்சிட்டு, நீங்க உக்காந்தா உங்க கண் மட்டத்துக்கு வர்ற உயரத்துல மூணு இடத்துல சின்னச் சின்ன விளக்கு வைங்க. பல்பு பெட்டில 2700 கெல்வின்னு போட்டிருக்கணும், அது இதமான மஞ்சள் வெளிச்சம், இன்னும் மஞ்சளா மெழுகுவர்த்தி மாதிரி வேணும்னா 2200. அதுல ஒரு விளக்குக்குப் பின்னாடி ஒரு பழைய முகம் பாக்கற கண்ணாடிய சாய்ச்சு வைங்க. ஒரு வாரம் அப்படி இருந்து பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

யார் கேட்டாலும் முதல்ல லைட்ட மாத்துங்கன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கோதிக்ங்கறது பொறந்ததே வெளிச்சத்துக்காகத்தான். பாரிஸ் பக்கத்துல செயின்ட் டெனி மடாலயத்துல சூஜேங்கற மடாதிபதி, பழைய ஆலயத்தோட கிழக்குப் பக்கத்தப் புதுசா கட்டி 1144-ல திறந்தாரு, இந்த ஸ்டைல் அங்க இருந்துதான் ஆரம்பிக்குதுன்னு சொல்வாங்க. அதுக்கு முன்னாடி அங்க கல் ஆலயம்னா சுவர் தடியா இருக்கும், ஜன்னல் சின்னதா இருக்கும், ஏன்னா கூரையோட பாரம் முழுக்க சுவர் தலையிலதான். கூரான ஆர்ச், விலா எலும்பு மாதிரி ஓடற கூரை வளைவு, அப்புறம் வெளிய இருந்து முட்டுக் குடுக்கற கல் தாங்கி, இதெல்லாம் ஒண்ணா சேந்ததும் பாரம் தூண் வழியாவும் தாங்கி வழியாவும் இறங்கிடுச்சு, சுவர் இருந்த எடத்துல கலர் கண்ணாடி வைக்க முடிஞ்சுது. பாரிஸ்ல 1248-ல முடிஞ்ச செயின்ட் ஷப்பல்ங்கற ஆலயத்துல 15 ஜன்னல், கிட்டத்தட்ட 15 மீட்டர் உயரம், உள்ள சுவர்னு ஒண்ணு இருக்கான்னே தேடணும்.

அதனால உங்க கருப்புச் சுவர ஒரு ஃபிரேம் மாதிரி நினைச்சுக்கோங்க, அது எத எடுத்துக் காட்டணும்னு யோசிச்சு அங்க ஒரு விளக்கு வைங்க. இன்னும் பெயிண்ட் வாங்காதவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். எல்லா டப்பாலயும் கருப்புன்னுதான் போட்டிருக்கும், ஆனா ஒண்ணுல உள்ளுக்குள்ள நீலம் ஓடும், ஒண்ணுல பிரவுன், ஒண்ணுல பச்சை. நேரா சுவத்துல அடிக்காம பெரிய அட்டைல ரெண்டு கோட் அடிச்சு காயவிட்டு, காலைல ஒரு தடவ, விளக்கு வச்சதுக்கப்புறம் ஒரு தடவ, ரூமோட ஒவ்வொரு பக்கமும் வச்சுப் பாருங்க. என்னோட முதல் கருப்பு ராத்திரி விளக்குல பாசி புடிச்ச மாதிரி பச்சையா தெரிஞ்சுது, ரெண்டு வருஷம் அதோடயே இருந்தேன்.

கேள்வி: எங்களுது வாடகை வீடு, சுவத்துல ஆணி கூட அடிக்க விட மாட்டாங்க. அட்டைலயே கோதிக் ஜன்னல் மாதிரி செஞ்சு சாய்ச்சு வைக்கலாம்னு பாத்தேன், ஃபிரெண்டு அட்டைல செஞ்சா போலியா தெரியும்ங்கறா. அந்தக் கூரான வளைவும் எனக்கு வரைய வரல, ஒவ்வொரு தடவயும் கோணலா போகுது.

பதில்: உங்க ஃபிரெண்ட் கிட்ட ஸ்ட்ராபெரி ஹில் கதைய சொல்லுங்க. லண்டன் பக்கத்துல ட்விக்கன்ஹாம்ல ஹோரஸ் வால்போல்னு ஒருத்தர் 1749-லருந்து பல வருஷம் தன் வீட்ட கொஞ்சம் கொஞ்சமா கோதிக் கோட்டை மாதிரி மாத்தினாரு. வீட்டுக்குள்ள கோதிக் அலங்காரம்னு நாம இன்னிக்குப் பண்றதுக்கெல்லாம் அந்த வீடு ஒரு மூத்த அக்கா மாதிரி. பழைய கோட்டை, பேய், மர்மம்னு போற கோதிக் நாவல்கள்ல முதல் நாவல்னு சொல்றாங்களே, 1764-ல வந்தது, அதையும் எழுதினவரு அவர்தான். அந்த வீட்டு கேலரில சீலிங் முழுக்க விசிறி விரிச்ச மாதிரி வளைவு, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஆலயத்துல இருக்க கல் கூரையப் பாத்து செஞ்சது, ஆனா அது கல் இல்ல, காகிதக் கூழ்! மேல தங்கப் பூச்சு. அதனால அட்டையப் பத்தி வெக்கப்படவே வேணாம், அளவு சரியா இருந்தா போதும்.

வளைவு கோணலா போறதுக்குக் காரணம் நீங்க கையால வரையறீங்க. அந்தக் காலத்துக் கொத்தனாருங்க இத கயிறும் காம்பஸும் வச்சுத்தான் போட்டாங்க. ஜன்னல் அகலம் 60 செ.மீ.னு வச்சுக்கோங்க. அட்டைல நேரா ஒரு கோடு, 60 செ.மீ. இடது முனைல ஒரு குண்டூசி குத்துங்க, அதுல நூலக் கட்டி பென்சில் முனை சரியா வலது முனையத் தொடற மாதிரி இழுத்துப் பிடிச்சு, அப்படியே மேல நோக்கி ஒரு வளைவு போடுங்க. இப்ப குண்டூசிய வலது முனைக்கு மாத்தி அதே நூலால இடது பக்கத்துலருந்து ஒரு வளைவு. ரெண்டும் மேல முட்டிக்கற எடம்தான் கூர், கோட்டுலருந்து சரியா 52 செ.மீ. உயரத்துல வரும், வரலைன்னா நூல் எங்கயோ இளகிருக்கு. இன்னும் ஒல்லியா உயரமா வேணுமா, குண்டூசிய முனைக்கு வெளிய 30 செ.மீ. தள்ளிக் குத்தி நூல 90 ஆக்குங்க, கூர் 67 செ.மீ.க்கு போயிடும். நீளாத நூலா பாத்துக்கோங்க, உல்லன் நூல் வேணவே வேணாம்.

கண்ணாடிக்கு, கெட்டியான டிரான்ஸ்பரன்ட் ஷீட்ட பின்னாடி ஒட்டி, வெள்ளைப் பசைல கருப்பு அக்ரிலிக் கலந்து கூர் மூக்கு பாட்டில்ல ஊத்தி கோடு போடுங்க, ஈயக் கம்பி மாதிரியே எழும்பி நிக்கும். ராத்திரி முழுக்க படுக்க வச்சே காயணும். அதுக்கப்புறம் கட்டத்துக்குள்ள கிளாஸ் பெயிண்ட். நீலமும் சிவப்பும் நிறைய, மஞ்சள் கொஞ்சமா. பசைக் கோடு ஈரத்துக்கு ஆகாது, பாத்ரூம்ல வச்சா பிசுபிசுன்னு ஆயிடும். முடிச்சதும் பகல் வெளிச்சம் வர்ற ஜன்னல் முன்னாடி சாய்ச்சு வைங்க, ஆணியே வேணாம்.

கேள்வி: மேடம், பழைய மர ஸ்டூல் ஒண்ணு இருக்கு. கருப்பு பெயிண்ட் அடிச்சா மரத்தோட ரேகையெல்லாம் மறைஞ்சு பிளாஸ்டிக் மாதிரி ஆயிடுது. ரேகை தெரியற மாதிரி கருப்பாக்க வழி இருக்கா?

பதில்: இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலையும் அதுதான்! மெல்லிசு இரும்பு நார் கொஞ்சம் எடுத்து சோப்பு போட்டு அலசி எண்ணெய் போக்கிட்டு, ஒரு கண்ணாடி பாட்டில்ல வெள்ளை வினிகர் ஊத்தி அதுல போடுங்க. துரு பிடிக்காத ஸ்டெயின்லெஸ் நார் இதுக்கு ஆகாது. மூணு நாள்லருந்து ஒரு வாரம் இருக்கட்டும். மூடிய இறுக்கவே கூடாது, உள்ள ஹைட்ரஜன் வாயு உருவாகும், மேல ஒரு துணி கட்டினா போதும், பக்கத்துல நெருப்பு வேணாம். நான் ஒரு தடவ மறதியா இறுக்கிட்டேன், மறுநாள் திறக்கும்போது மூடி தெறிச்சு சீலிங்ல பட்டுச்சு, கண்ணுல பட்டிருந்தா என்ன ஆகிருக்கும்னு இப்பவும் நினைச்சா பயமா இருக்கு.

ஸ்டூல்ல பழைய வார்னிஷ் இருந்தா முழுசா தேய்ச்சு எடுக்கணும், வெறும் மரம் தெரியணும். பால் சக்கரை இல்லாம கருகருன்னு டீத்தூள் கொதிக்க வச்ச தண்ணிய ஆறவிட்டு மரத்துல நல்லா தடவி காயவிடுங்க. வினிகர் கலவைய துணில வடிகட்டி, கிளவுஸ் போட்டுக்கிட்டு அது மேல தடவுங்க. இப்ப பக்கத்துல உக்காந்து பாக்கணும். பிரஷ் போன எடத்துல முதல்ல ஒண்ணும் இருக்காது, அப்புறம் மெதுவா சாம்பல், அப்புறம் நீலம் கலந்த கருப்பு ஏறிக்கிட்டே வரும், ரேகை மட்டும் அழுத்தமா தனியா எழும்பும். டீல இருக்க டானின்ங்கற துவர்ப்புப் பொருள் இரும்போட சேந்து மரத்துக்குள்ளயே கருப்பா மாறுது. ஐரோப்பால மத்திய காலத்துல ஏட்டுல எழுதின மை கூட இதே வித்தைதான், அங்க டீக்கு பதிலா ஓக் மரத்துல வர்ற மாசிக்காய். காஞ்சதும் வெளிறிப்போன மாதிரி இருக்கும், மனசு விட்டுடாதீங்க, எண்ணெயோ மெழுகோ தேய்ச்சதும் கருப்பு ஆழமாயிடும். ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதிரி குடிக்கும், அதனால ஸ்டூலுக்கு அடில தெரியாத எடத்துல முதல்ல தடவிப் பாருங்க.

கேள்வி: காஞ்ச ரோஜா வச்சு மெழுகுவர்த்தி அலங்காரம் செய்யணும், பூ காயறதுக்குள்ள பூஞ்சை வந்துடுது.

பதில்: முழுசா விரியறதுக்கு முன்னாடியே பறிங்க, இலைய எல்லாம் உருவிடுங்க, அஞ்சாறு காம்புக்கு மேல ஒண்ணா கட்டாதீங்க. தலைகீழா, இருட்டா, காத்தோட்டமான எடத்துல ரெண்டு மூணு வாரம் தொங்கணும். அடர் சிவப்பு ரோஜாவா எடுத்தா காஞ்சதும் கிட்டத்தட்ட கருப்பாவே ஆயிடும், சாயமே வேணாம். ஆனா மெழுகுவர்த்தியச் சுத்தி கட்டறதோ மெழுகுக்குள்ள பதிக்கறதோ வேணாம், காஞ்ச பூ பத்திக்க ஒரு நொடி போதும். பூவுக்கு நடுவுல பேட்டரில எரியற வர்த்தி வைங்க, நிஜ வர்த்திய தள்ளி தனியா ஒரு தட்டுல ஏத்துங்க.

கேள்வி: களிமண்ல ஒரு கார்காயில், அதான் பழைய ஆலயக் கூரைல இருக்க கோர முகச் சிலை, செஞ்சு அலமாரி மேல வச்சேன். என் அஞ்சு வயசுப் பையன் அத பாத்து அந்த ரூமுக்கே போக மாட்டேங்கறான்.

பதில்: முதல்ல அத அவன் கண் மட்டத்துக்கு இறக்குங்க, மேல இருந்து குனிஞ்சு முறைச்சா பெரியவங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். அது என்ன வேலை பாக்குதுன்னும் சொல்லுங்க. கார்காயில்னா கட்டடத்தோட மழைத்தண்ணி குழாய்ங்க, கூரைத் தண்ணி சுவத்துல வழிஞ்சு கல்ல அரிக்காம வாய் வழியா தூரமா துப்பறதுக்கு வச்சது. பேரே தொண்டைங்கற பழைய பிரெஞ்சு வார்த்தைலருந்து வந்தது. அடுத்தது செய்யும்போது வாய்க்குள்ள ஒரு ஸ்ட்ரா விட்டு நிஜமாவே தண்ணி போற மாதிரி அவன் கையாலயே செய்ய வைங்க, உள்ள தண்ணி போறதால மேல வாட்டர்ப்ரூஃப் வார்னிஷ் ரெண்டு கோட் குடுத்துடுங்க. அவன் பேர் வச்சிட்டான்னா பயம் போயிடும்.

கேள்வி: அலமாரில அடுக்க 19-ம் நூற்றாண்டு பழைய புக் சிலது கிடைச்சுது, பளிச்சுனு மரகதப் பச்சைத் துணி அட்டை. அப்படியே வைக்கலாமா?

பதில்: அந்தப் பச்சைய மட்டும் தனியா எடுத்து வைங்க. அந்தக் காலத்துல அந்த நிறத்துக்கு ஆர்சனிக்ங்கற விஷம் கலந்த சாயம் போட்டாங்க, வால்பேப்பர்லயும் புக் அட்டைலயும். கிளவுஸ் இல்லாம தொடாதீங்க, மூடற பிளாஸ்டிக் கவர்ல போட்டு குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க. அலமாரிக்கு சிவப்பும் பிரவுனும் போதும்.

கேள்வி: அக்கா, அம்மா இறந்து எட்டு மாசம் ஆகுது. அவங்க மூக்குக் கண்ணாடி, ஒரு பொத்தான், கடைசியா வெட்டின முடியில ஒரு சின்னப் பின்னல், இதெல்லாம் என்கிட்ட இருக்கு. கருப்பு வெல்வெட் போட்ட பெட்டில கோதிக் மாதிரி வைக்க ஆசை. வீட்டுல இருக்கவங்க இது என்ன விபரீதம்னு திட்றாங்க. நான் பண்றது தப்பா?

பதில்: தப்பே இல்லம்மா. கோதிக்ல எனக்குப் பிடிச்சதே இந்த எடம்தான், துக்கத்த ஒளிச்சு வைக்க சொல்லாது. இங்கிலாந்துல விக்டோரியா ராணி, கணவர் ஆல்பர்ட் 1861-ல இறந்ததுலருந்து 1901-ல தான் சாகற வரைக்கும் கருப்புதான் உடுத்தினாங்க. அந்தக் காலத்துல இறந்தவங்க முடிய மோதிரத்துலயும் லாக்கெட்லயும் பூ மாதிரி பின்னி வச்சுக்கறது சாதாரணமா நிறைய பேர் செஞ்சது. பிரியமானவங்க உடம்புல சீக்கிரம் அழியாம நிக்கறது முடிதானேன்னு அவங்களுக்கும் தோணிருக்கும். வீட்டுல இருக்கவங்களும் அதே துக்கத்துலதான் இருப்பாங்க, உங்கள மாதிரி வெளிய காட்ட வரல, அவ்ளோதான். பொத்தான எந்த எடத்துல வைக்கலாம்னு அவங்ககிட்டயும் கேளுங்க.

வேலைக்கு வருவோம். ஆழமான ஃபிரேம் பெட்டி எடுங்க, அடில ஆசிட் இல்லாத அட்டை, அதுமேல காட்டன் வெல்வெட். பாலியஸ்டர் வெல்வெட் லைட்ல மினுக்கும், காட்டன் வெளிச்சத்த அப்படியே உள்ள வாங்கிக்கும், பொருள் மட்டும் எடுப்பா நிக்கும். எதையுமே பசை போட்டு ஒட்டாதீங்க. கண்ணாடிக் காம்பு, பொத்தான், பின்னல் எல்லாத்தையும் கருப்பு நூலால ரெண்டு ரெண்டு தையல் போட்டு வெல்வெட்டோட பிடிச்சு நிறுத்துங்க. பின்னல் மேல நூல் இறுகக் கூடாது, ரெண்டு முனைலயும் லூசா ஒரு சுத்து போதும். ஃபோட்டோ வைக்கறதா இருந்தா காப்பிய வைங்க. பெட்டிய நேரா வெயில் படாத சுவத்துல மாட்டுங்க. பின்பக்கத்த ஆணி அடிச்சு மூடாம சின்னக் கொக்கி போடுங்க, என்னிக்காவது அம்மாவோட கண்ணாடிய வெளிய எடுத்து கைல வச்சுக்கணும்னு தோணும்.