இடுப்பில் மறைத்துச் சுமக்கும் துப்பாக்கிக்கு எந்த ஹோல்ஸ்டர் (உறை) நல்லது?

கேள்வி: டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் பெட்ரோல் பங்கும் அதை ஒட்டிய கடையும் நடத்துகிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். இரவில் கடை அடைத்துப் பணத்தோடு வீடு திரும்ப வேண்டியிருப்பதால், லைசென்ஸ் வகுப்பு முடித்து சிக் சாவர் பி365 என்ற சின்னக் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கியிருக்கிறேன். கூடவே, எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று சொல்லி 15 டாலருக்கு ஒரு நைலான் ஹோல்ஸ்டரையும் விற்றார்கள். நண்பரோ 80 டாலர் கைடெக்ஸ் ஹோல்ஸ்டர் வாங்கி, தொப்புளுக்குக் கீழே முன்பக்கமாக வைக்கச் சொல்கிறார். எனக்குத் தொப்பை உண்டு, வேர்வையும் அதிகம். நாளெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவன். வீட்டில் 2 சின்னப் பிள்ளைகள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அந்த நைலான் உறையை இன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள். ஏன் என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மேகசினை (கைப்பிடிக்குள் இருக்கும் தோட்டா அடுக்கை) கழற்றுங்கள். ஸ்லைடை (மேலே நகரும் உலோகப் பகுதியை) பின்னுக்கு இழுத்து, சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில்) தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். தோட்டாக்கள் அத்தனையையும் வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு காலித் துப்பாக்கியை அந்த உறையில் சொருகி, விசை (டிரிக்கர்) இருக்கும் இடத்தை வெளியிலிருந்து விரலால் குத்தி அழுத்துங்கள். துணிக்கு அடியில் விசை நெளிவது விரலுக்குத் தெரியும். உங்கள் விரல் செய்வதை நாளைக்குக் கடைக் கவுன்டரின் முனை செய்யலாம், காரின் சீட் பெல்ட் பக்கிள் செய்யலாம்.

பி365-இன் அடிப்படை மாடலில் கையால் போடும் பூட்டு கிடையாது. கீழே விழுந்தால் சுடாதபடி உள்ளே ஏற்பாடு உண்டு, ஆனால் விசையை எது இழுத்தாலும் அது சுடும். இழுப்பது விரலா, சட்டை நுனியா என்று அதற்குத் தெரியாது. ஆகவே இந்த வகைத் துப்பாக்கிக்கு ஹோல்ஸ்டரின் கெட்டியான சுவர்தான் பூட்டு. மறைப்பு, வசதி, வேகமாக எடுப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். வாங்கும்போது இந்த வரிசையை மாற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உறையே இல்லாமல் இடுப்பில் சொருகினால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் உண்டு. நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர் பிளாக்ஸிகோ பர்ரஸ், 2008 நவம்பரில் மன்ஹாட்டனில் ஓர் இரவு விடுதிக்கு, இடுப்பு எலாஸ்டிக்கில் ஒரு கிளாக் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு போனார். அது நழுவிக் காலுக்குள் இறங்க, பிடிக்கப் போனபோது வெடித்து அவருடைய தொடையையே துளைத்தது. அந்த மாநிலத்தில் அவருக்கு அனுமதி இல்லாததால் 2 ஆண்டுச் சிறைத் தண்டனையும் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் வெற்றிப் பந்தைப் பிடித்த கைகள் அவை. நழுவும் துப்பாக்கியை எட்டிப் பிடிக்கத் துடிப்பது எந்தக் கைக்கும் இயல்பு. விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிடப் பழக வேண்டும்.

இனி எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன்.

ஹோல்ஸ்டர் உங்கள் மாடலுக்கென்றே வார்க்கப்பட்டிருக்க வேண்டும். கைடெக்ஸ் என்பது சூட்டில் இளகும் கெட்டிப் பிளாஸ்டிக் தகடு. துப்பாக்கியின் அச்சின் மேல் அதைப் போட்டு அழுத்தி வடிவம் எடுக்கிறார்கள். சரியாக வார்த்ததில் துப்பாக்கியைச் சொருகும்போது விசை வளையம் போய் அமரும் இடத்தில் 'கிளிக்' என்று ஒரு பிடிப்பு கிடைக்கும். விசை வளையம் முழுவதும் மூடியிருக்க வேண்டும், பின்பக்கம் கைப்பிடியை ஒட்டிய இடம் உட்பட. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நாலா பக்கமும் பாருங்கள். விசையின் ஓரம் கொஞ்சமாவது தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்னால் துப்பாக்கியில் டார்ச் லைட் மாட்டும் எண்ணம் இருந்தால், லைட்டோடு சேர்த்து வார்த்த ஹோல்ஸ்டர் வேறு வாங்க வேண்டும். லைட் நுழைய வாயை அகலமாக்குவதால் விசை வளையத்தின் பக்கம் இடைவெளி விழும். புதிதாகச் சுமப்பவருக்கு லைட் இல்லாததே போதும்.

அடுத்தது வாய். துப்பாக்கியை எடுத்த பிறகும் ஹோல்ஸ்டரின் வாய் திறந்தபடி நிற்க வேண்டும். பெல்ட் இறுக்கத்தில் அது ஒட்டிப்போனால், திரும்ப வைக்கும்போது இடது கையால் வாயைப் பிரிப்பீர்கள், குழல் அந்தக் கையை நோக்கியே வரும். தோல் உறை வாங்குவதானால் இதை மிகவும் கவனியுங்கள். நல்ல தடித்த தோலில், வாய் ஓரத்தில் உலோகப் பட்டை வைத்துத் தைத்தது பல ஆண்டுகள் உழைக்கும், உடம்புக்கும் இதமாக இருக்கும். ஆனால் தோல் நாள்பட நைந்து, வாயோரம் உள்பக்கமாக மடிந்து, சொருகும்போது அந்த மடிப்பே விசை வளையத்துக்குள் புகுந்து துப்பாக்கி வெடித்த விபத்துகள் உண்டு. வேர்வை அதிகம் என்கிறீர்கள், தோல் அந்த உப்பை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். உங்களுக்குக் கைடெக்ஸே சரி.

பிடிப்பு எவ்வளவு வேண்டும்? காலித் துப்பாக்கியைச் சொருகி, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். விழக் கூடாது. அதே சமயம், ஒரே கையால் ஒரே இழுப்பில் வர வேண்டும். பெரும்பாலான கைடெக்ஸ் உறைகளில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஸ்க்ரூ இருக்கும். அளவு சரியானதும் ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விடுங்கள், இல்லையென்றால் நடக்க நடக்கத் தளர்ந்துவிடும். ஆள்காட்டி விரலால் பட்டனை அழுத்தி விடுவிக்கும் ஹோல்ஸ்டர்கள் வேண்டாம். பதற்றத்தில் அழுத்திய விரல், துப்பாக்கி வெளியே வந்ததும் அதே வேகத்தில் விசைக்குப் போய்விடும்.

நண்பர் சொன்ன முன்பக்க இடத்துக்கு வருகிறேன். அவர் சொல்வது தவறில்லை. நன்றாக மறையும், எடுப்பதும் விரைவு, தேர்ந்தவர்கள் பலர் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் குழல் உங்கள் தொடையின் பெரிய ரத்தக் குழாயையும் அடிவயிற்றையும் பார்த்தபடி இருக்கும். தொப்பையோடு ஸ்டூலில் உட்காரும்போது கைப்பிடி வயிற்றில் குத்தும். குத்தினால் அரை மணிக்கு ஒரு தடவை கை அங்கே போகும், ஏற்றி இறக்கிச் சரிசெய்வீர்கள், வாடிக்கையாளர் கண்ணில் முதலில் படுவது அந்தக் கைதான். தொடக்கத்துக்கு வலது இடுப்பில், எலும்புக்குச் சற்றுப் பின்னால், பேண்டுக்கு உள்ளே வைக்கச் சொல்கிறேன். தொப்புளை 12 மணி என்று கொண்டால் இது மூன்றரை, நாலு மணி இருக்கும் இடம். இடது கைக்காரராக இருந்தால் மறுபக்கம். நடு முதுகில் மட்டும் வைக்காதீர்கள், மல்லாந்து விழுந்தால் அடி நேரே முதுகெலும்பில். கணுக்காலும் தோள்பட்டையும் உங்கள் வேலைக்கு ஒத்துவராது.

இந்த இடத்தில் பி365-க்கு ஒரு சிக்கல் உண்டு. அதன் குழல் 3.1 அங்குலம்தான். பெல்ட்டுக்குக் கீழே இறங்கும் பகுதி குட்டையாக இருப்பதால், வயிறு உள்ளிருந்து தள்ள, தோட்டா நிறைந்த கைப்பிடி வெளிப்பக்கமாகச் சாயும். துப்பாக்கியைச் சின்னதாக வாங்கியும் சட்டையில் புடைக்கிறதே என்று பலர் குறைப்படுவது இதனால்தான். 3.7 அங்குலக் குழல் கொண்ட பி365 எக்ஸ்எல் மாடலுக்கான ஹோல்ஸ்டரை வாங்கினால், அடிப்பகுதி நீண்டு தொடையோரம் ஊன்றிக்கொண்டு மேலே சாய்வதைத் தடுக்கும். உங்கள் துப்பாக்கியும் அதில் பெரும்பாலும் சரியாக அமரும். ஆனாலும் தயாரிப்பாளரிடம் கேட்டு, மேலே சொன்ன சோதனைகளைச் செய்து உறுதிப்படுத்துங்கள். கைப்பிடி சற்று முன்னோக்கிச் சாய 15 டிகிரி அளவில் கோணம் வைத்தால், குனியும்போது புடைக்காது.

பெல்ட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. தோட்டாவோடு உங்கள் துப்பாக்கி 600 கிராமுக்கு மேல். அலுவலகத்துக்குக் கட்டும் மெல்லிய பெல்ட் அந்தப் பாரத்தில் முறுக்கிக்கொள்ளும், எவ்வளவு நல்ல ஹோல்ஸ்டரும் அதில் தொங்கத்தான் செய்யும். இதற்கென்றே விறைப்பாகச் செய்த, ஒன்றரை அங்குல அகலப் பெல்ட் வாங்குங்கள். பேண்டும் இடுப்பில் ஓர் அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். ஹோல்ஸ்டரின் கிளிப் பெல்ட்டின் கீழ் விளிம்பைக் கொக்கிபோல் கவ்வ வேண்டும். பிடிக்காத கிளிப் என்றால், துப்பாக்கியை உருவும்போது ஹோல்ஸ்டரும் கூடவே கையில் வந்து நிற்கும். வீட்டில் காலித் துப்பாக்கியை வைத்து வேகமாகப் பல தடவை உருவிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

வேர்வைக்கு, ஸ்லைடுக்கும் உடம்புக்கும் நடுவே கைடெக்ஸ் தடுப்பு உயர்ந்து நிற்கும் வகையாகப் பாருங்கள். உள்ளே ஒரு பனியன் போடுங்கள். வாரம் ஒருமுறை துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் துடைத்து, ஹோல்ஸ்டருக்குள் சேரும் நூல் பிசிறையும் தூசியையும் ஊதி எடுங்கள்.

காரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் சீட் பெல்ட் பக்கிள் உங்கள் வலது இடுப்பில்தான் வரும். சட்டை நுனியை இழுத்துவிட்டு, பக்கிள் ஹோல்ஸ்டரில் மோதாமல் மாட்டப் பழகுங்கள்.

துப்பாக்கியை எடுப்பதைவிடத் திரும்ப வைக்கும் நேரத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஜாக்கெட்டின் நாடா நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குமிழ் விசை வளையத்துக்குள் சிக்கினாலே போதும், துப்பாக்கி வெடிக்கலாம். இடது கையால் சட்டையை நெஞ்சுவரை தூக்கிப் பிடித்து, விரலை விசையிலிருந்து விலக்கி நீட்டி வைத்து, ஹோல்ஸ்டர் வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாக இறக்குங்கள். பாதியில் ஏதாவது தடுத்தால் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்து என்னவென்று பாருங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடையில்லாத 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமலும் சுமக்கலாம். பொது இடத்தில் வெளியே தெரியும்படி இருந்தால் அது ஹோல்ஸ்டரில்தான் இருக்க வேண்டும். மது பரிமாறும் பார்களில் சிவப்பில் 51% என்று போட்ட பலகையைக் கண்டால் உள்ளே கொண்டுபோகக் கூடாது. லைசென்ஸ் வகுப்பில் சொன்ன 30.06 பலகையும் (லைசென்ஸ் இருந்தாலும் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு உள்ளே வராதே என்பது) நினைவிருக்கட்டும். எச்1பி போன்ற விசாவில் இருக்கும் உங்கள் ஊழியர்களிடம், சில விலக்குகள் தவிர, துப்பாக்கி இருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அவர்கள் கைக்கு உங்களுடையதைக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில், ஹோல்ஸ்டர் பெட்டகமாகாது. ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊரில், 2014 டிசம்பர் 30 அன்று, கடைக்குப் போன ஒரு தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை 2 வயது மகன் எடுத்துச் சுட்டு, அவர் அங்கேயே இறந்தார். துப்பாக்கி வைப்பதற்கென்றே ஜிப் அறை வைத்துத் தைத்த பை அது. பையிலோ, கல்லாவுக்கு அடியிலோ, காரின் கிளவ் பாக்ஸிலோ வைக்காதீர்கள். உடம்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டுக்குள் இருக்க வேண்டும். 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி, சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கியை அஜாக்கிரதையாக விடுவது டெக்சாஸில் குற்றமும்கூட.

எண் அழுத்தித் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டகம் ஒன்று வாங்கிப் படுக்கையறையில் பொருத்துங்கள். இரவு வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை உருவாமல், கிளிப்பை விடுவித்து ஹோல்ஸ்டரோடு சேர்த்தே எடுத்து அதில் வைத்துவிடலாம். காலையில் அப்படியே எடுத்து இடுப்பில் மாட்டலாம். நாள் முழுவதும் விசையை யாரும், நீங்கள் உட்பட, தொட வாய்ப்பில்லை. கிளிப்பைச் சுலபமாக மாட்டிக் கழற்றும் வகையாகப் பார்த்து வாங்கச் சொல்வதும் இதற்காகத்தான். நல்ல கைடெக்ஸ் 60 டாலரிலிருந்து 100 டாலருக்குள் கிடைக்கும். பெல்ட்டுக்கும் பெட்டகத்துக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவையுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது என்றால், பெட்டகத்தை முதலில் வாங்குங்கள்.