உரிப்பொருள் மயங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, திரைப்பட வகைமை பற்றியவை. கோடம்பாக்கத்தில் ‘ஜானர்’ என்று வழங்குவதைத்தான் இங்கே வகைமை என்று குறிப்பிடுகிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியின் திரைப்பட மன்றத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் எழுதித் தரும் குறும்படக் கதைகளில் காதல், பேய், பழிவாங்கல், தங்கைப் பாசம் ஆகிய எல்லாமே பத்து நிமிடங்களுக்குள் வந்துவிடுகின்றன. வகைமை என்பதை இவர்களுக்கு எங்கிருந்து சொல்லிக் கொடுக்கத் தொடங்குவது?
– தமிழாசிரியை, கரூர்

பதில்: நீங்கள் தமிழாசிரியை என்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. சங்கக் காதல் பாடல்களின் இலக்கணமாகிய அகத்திணையை நடத்தும் அதே பாடவேளையில் இதையும் நடத்திவிடலாம். காடும் கார்காலமும் மாலைப்பொழுதும் ஒரு பாட்டின் முதல் அடிகளில் வந்துவிட்டால், தலைவி காத்திருக்கிறாள் என்பதைப் புலவர் சொல்வதற்கு முன்பே படிப்பவர் உணர்ந்துகொள்கிறார். நிலமும் பொழுதும், அந்நிலத்துக்குரிய பூ, பறவை போன்ற கருப்பொருளும் சேர்ந்து ஓர் உணர்வுக்கு அவரை ஆயத்தப்படுத்திவிடுகின்றன. நள்ளிரவு, பூட்டிய பங்களா, தானாக ஆடும் ஊஞ்சல் என்று ஒரு படம் தொடங்கும்போது அரங்கில் இருப்பவருக்கு நேர்வதும் இதுவேதான்.

மாணவர்கள் எல்லாவற்றையும் கலப்பதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். கலப்பதற்குத் தொல்காப்பியமே இடம் தருகிறது. ஆனால் ஓர் எல்லையும் வகுக்கிறது: ‘உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே’. நிலத்துக்குரிய பூவும் பறவையும் இடம் மாறி வரலாம், பொழுதும் மயங்கலாம். பாட்டின் உயிரான மைய உணர்வு, அதாவது உரிப்பொருள் மட்டும் மயங்கக் கூடாது என்பது இதன் கருத்து. திகில் படத்தில் பாட்டும் நகைச்சுவையும் சண்டையும் வரலாம். ஆனால் அந்தப் படத்தின் உரிப்பொருள் அச்சம் என்றால், கடைசிக் காட்சி வரை அச்சமே அதன் உரிப்பொருளாக இருந்தாக வேண்டும். உங்கள் மாணவர்கள் பேயையும் தங்கையையும் ஒரே கதையில் வைத்ததில் பிழையில்லை. படம் முடியும்போது பார்ப்பவர் நெஞ்சில் எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்யாமல் வைத்ததுதான் பிழை.

வகுப்பில் செய்வதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். ‘இரவு பதினொரு மணிக்கு வீட்டுக் கதவு தட்டப்படுகிறது’ என்ற ஒரே வரியைக் கொடுத்து, மூன்று குழுக்களிடம் மூன்று வகைமைகளில் அதைக் காட்சியாக எழுதச் சொல்லுங்கள். திகில் படம் எழுதும் குழு கேமராவைக் கதவின் மீதே நிறுத்தி, தட்டும் ஓசைகளுக்கு இடையிலான அமைதியை நீட்டிக்கொண்டே போகும். நகைச்சுவைக் குழுவுக்கு உள்ளே ஒளிந்திருப்பவனும் வெளியே நிற்பவனும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும். இருவரையும் நாம் பார்க்கிறோம், அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்பதில்தான் அங்கே சிரிப்பு இருக்கிறது. குடும்பக் கதை எழுதுபவர்களுக்குக் கதவே தேவைப்படாது. வேலை தேடிப் போன மகன் திரும்பிவிட்டானோ என்று பாயிலிருந்து எழுந்து உட்காரும் தாயின் முகம் போதும். பட்டியல் போட்டு விளக்குவதைவிட, கேமராவை எங்கே வைப்பது என்ற இந்தக் கேள்வி வகைமையை விரைவாகப் புரியவைத்துவிடுகிறது என்பது பயிலரங்குகளில் நான் கண்டது.

கேள்வி: வகைமை என்பதே வணிகர்கள் போட்ட வேலிதானே? அதை உடைப்பவன்தானே கலைஞன்? பார்வையாளர் எதிர்பார்ப்பதையே கொடுப்பதற்கு எதற்காக ஓர் இயக்குநர்?
– காட்சித் தொடர்பியல் மாணவர், நாகர்கோவில்

பதில்: உங்கள் வேகம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உடைப்பதற்கு முன்னால், அந்த வேலி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வணிகர்களுக்கும் இதில் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. புராணப் படம், சமூகப் படம், சரித்திரப் படம், ‘முழுநீள நகைச்சுவைச் சித்திரம்’ என்றெல்லாம் விளம்பரங்களில் அச்சிட்டு நம் பாட்டன்மாரை அரங்குக்கு அழைத்தவர்கள் அவர்களே. ஆனால் அந்தப் பெயர்கள் நிலைத்ததற்குக் காரணம், காசு கொடுத்து நுழையும் மனிதர் தாம் எந்த மனநிலையோடு உட்கார வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிய விரும்பியதுதான்.

உடைத்தவர்கள் நம்மிடையே உண்டு. வீணை எஸ். பாலசந்தர் 1954இல் ‘அந்த நாள்’ படத்தை ஒரு பாட்டுகூட இல்லாமல் எடுத்தார். படத்துக்குப் படம் பாடல்கள் குவிந்துகிடந்த அந்தக் காலத்தில் இது சிறிய துணிச்சல் அன்று. முதல் வெளியீட்டில் படத்துக்குப் போதிய வரவேற்பும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் உடைத்தது எதை என்று உற்றுப் பாருங்கள். பாட்டை நீக்கினார், நடனத்தை நீக்கினார். கொன்றவர் யார் என்ற மர்மத்தில் கை வைக்கவில்லை. துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்கும் படம், ஒவ்வொருவர் மீதும் மாறி மாறிச் சந்தேகத்தை எழுப்பி, கடைசிவரை அந்த ஒரே கேள்வியைத் துரத்துகிறது. அதனால்தான் எழுபது ஆண்டுகள் கழித்தும் திரைக்கதை வகுப்புகளில் அதைப் போட்டுக் காட்ட முடிகிறது.

‘பீட்சா’வைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் சென்றுவிடலாம். 2012இல் கார்த்திக் சுப்புராஜ் இயக்கிய அந்தப் படத்தில் நாம் நடுங்கிக்கொண்டே பார்த்த பங்களாக் கதை முழுவதும் கதாநாயகன் இட்டுக்கட்டியது என்று தெரியவரும்போது, பேய்ப் படம் மோசடிப் படமாக மாறிவிடுகிறது. அங்கேயே முடித்திருந்தால், பேய்க்காகக் காசு கொடுத்தவர் ஏமாந்துதான் போயிருப்பார். பொய்ப் பேய்க் கதை சொன்னவனை உண்மையாகவே மிரளும் நிலையில் கொண்டுபோய் நிறுத்தி, வாங்கிய கடனை இறுதிக் காட்சியில் அடைத்துவிட்டார் இயக்குநர். இன்னொரு பக்கம் 2010இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ இருக்கிறது. முற்பாதி சாகசப் பயணம். பிற்பாதி, மறைந்து வாழும் சோழர் கூட்டமொன்றின் பெருந்துயரம். வெளியானபோது பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பிற்பாடு அதன் மதிப்பு கூடியது உண்மைதான் என்றாலும், இடைவேளைக்குப் பிறகு உரிப்பொருளே மாறிவிட்டது என்பதுதான் அன்றைய குழப்பத்துக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். அதற்காக அப்படி எடுத்திருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். எடுத்தால் நேரக்கூடியது இது என்று அறிந்து எடுக்க வேண்டும்.

கேலிப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே 2010இல் சி.எஸ். அமுதனின் ‘தமிழ்ப்படம்’ வந்தபோது அரங்கு அதிர்ந்ததற்குக் காரணம், கதாநாயக சினிமாவின் அத்தனை வாய்பாடுகளும் ரசிகருக்கு மனப்பாடம் என்பதே. விதியை அறியாதவர் முன்னால் விதிமீறலுக்குச் சிரிப்பு வராது.

கேள்வி: திகில் படத்தில் பாட்டு வைத்தால் கெட்டுவிடுமா?
– குறும்பட இயக்குநர், திருச்சி

பதில்: பாட்டு கெடுப்பதில்லை, பாட்டு முடிந்து திரும்பி வரும்போது பயம் விட்ட இடத்தில் இல்லாமல் போவதுதான் கெடுக்கிறது. ஒரே இரவில் நடக்கும் ‘கைதி’யைப் போலக் கடிகாரத்தோடு ஓடும் கதை என்றால் மட்டும் பாட்டை மறந்துவிடுங்கள்.

கேள்வி: எட்டு நிமிடக் குறும்படத்தில் இது இன்ன வகைப் படம் என்பதை எவ்வளவு விரைவாகச் சொல்லிவிட வேண்டும்?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: முதல் நிமிடத்துக்குள். அதை முகத்தாலும் ஒலியாலும் சொல்ல முடியும் என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது 1964இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’. படம் எடுக்கத் துடிக்கும் மகனாக நாகேஷ், பணம் வைத்திருக்கும் தந்தை டி.எஸ். பாலையாவுக்கு ஒரு திகில் கதை சொல்லும் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இருட்டையோ பேயையோ நாம் பார்ப்பதே இல்லை. நாகேஷ் வாயால் எழுப்பும் ஓசைகளும் நடுநடுவே விடும் இடைவெளிகளும்தான் அந்தத் திகில் படம்.

இந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. ஒரே நேரத்தில் இங்கே இரண்டு பார்வையாளர்கள் உண்டு. பாலையாவுக்கு அது திகில், நமக்கு அது நகைச்சுவை. அவர் மிரள மிரள நாம் சிரிக்கிறோம். கதை ஒன்றாக இருக்க வகைமை எப்படி இரண்டாயிற்று? பாலையா கதைக்குள் உட்கார்ந்திருக்கிறார். நம்மையோ ஸ்ரீதர் கதைக்கு வெளியே, அவருடைய முகத்துக்கு எதிரே உட்காரவைத்திருக்கிறார். பார்வையாளரை எங்கே உட்காரவைப்பது என்று தீர்மானித்துவிட்டால் உங்கள் முதல் நிமிடம் தானாக அமைந்துவிடும்.

கேள்வி: சிரிப்புப் படம் என்று விளம்பரத்தைப் பார்த்துக் குழந்தைகளோடு போனோம். பிற்பாதி முழுக்க இரத்தம். யாரைக் குறை சொல்வது?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: விளம்பரத்தை வெட்டி ஒட்டியவரை. முன்னோட்டக் காட்சிகள், சுவரொட்டி, படத்தின் பெயர், எழுத்துருவின் வடிவம்கூட ஒரு வாக்குறுதிதான். இளம் இயக்குநர்கள் முன்னோட்டத்தை வேறு யாரிடமோ ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். பாதி ஏமாற்றங்கள் அங்கேதான் பிறக்கின்றன. தணிக்கைச் சான்றிதழை ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிருக்கலாம் என்று உங்களுக்கும் மெதுவாகச் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: பார்வையாளரின் எதிர்பார்ப்பை நேரடியாகக் கற்றுக்கொள்ள வழி உண்டா?
– உதவி இயக்குநர், சென்னை

பதில்: உண்டு, ஒரு நுழைவுச்சீட்டின் விலையில். ஏற்கெனவே பார்த்துவிட்ட படத்துக்கு மறுபடியும் போங்கள். முன்வரிசை ஓரத்தில், சற்றே திரும்பினால் பின்னால் இருப்பவர்களின் முகங்கள் தெரியும்படி உட்காருங்கள். எந்த வசனத்துக்கு முன்பே சிரிப்பு தொடங்குகிறது, எந்தக் காட்சியில் கைப்பேசித் திரைகள் ஒளிர்கின்றன, இடைவேளை விளக்கு எரிந்ததும் எத்தனை பேர் உடனே எழாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். வார நாளின் பகல் காட்சியாக இருந்தால் நல்லது. முதல் நாள் கூட்டம் நடிகருக்காகக் கைதட்டும், அதிலிருந்து கதையைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.