அம்மாவின் இன்சுலினா, தசமபாகமா?

அம்மாவின் இன்சுலினுக்குப் பணம் போதாத மாதத்தில் தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் தேவனுக்கென்று கொடுக்கும் பத்தில் ஒரு பங்கை, குறைத்தால் பாவமாகிவிடுமோ என்று பயந்து கேட்டிருந்தீர்கள். பாவம் இல்லை, சிஸ்டர். முதலில் இன்சுலினை வாங்குங்கள்.

மாற்கு 7:9-13 வாசியுங்கள். “உங்களுக்குத் தரவேண்டியதைத் தேவனுக்கு நேர்ந்துவிட்டேன்” என்று சொல்லிப் பெற்றோரைக் கைகழுவ அன்றைய பாரம்பரியம் இடம் கொடுத்தது. தாய் தகப்பனைக் கனம்பண்ணும் கட்டளையை அது அவமாக்குகிறது என்று இயேசுவே கண்டித்தார். சொந்த வீட்டாரைக் கவனிக்காதவன் அவிசுவாசியைவிடக் கெட்டவன் என்கிறார் பவுல் (1 தீமோத்தேயு 5:8). விதவைகளைப் பற்றிப் பேசும்போது சொன்னது அது. உங்கள் அம்மாவும் விதவைதான் என்று எழுதியிருக்கிறீர்களே.

தசமபாகம் கொடாதவர்கள் தேவனை வஞ்சிக்கிறார்கள் என்னும் மல்கியா 3:8-10 மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்ததால் இந்தப் பயம் வந்திருக்கலாம். கூடவே உபாகமம் 14:28-29 பாருங்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஆலய ஊழியம் செய்த லேவியருக்கு மட்டுமல்ல, அந்நியர், அனாதைகள், விதவைகள் வயிறு நிறையவும்தான்.

அப்புறம், இந்த மாதச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். செல்போன் தவணை, சீட்டுப் பணம் எல்லாம் மருந்துக்கு முன்னால் போகிறதென்றால், கைவைக்க வேண்டியது அங்கேதான், காணிக்கையில் அல்ல.

ஒன்று மட்டும் கவனம்: அம்மாவைக் காரணம் சொல்லி, காணிக்கை கொடுப்பதையே அடியோடு நிறுத்திவிடாதீர்கள். போதகரிடம் தனியாக நிலைமையைச் சொல்லுங்கள். அண்ணனிடமும் கூச்சப்படாமல் பங்கு கேளுங்கள். 1 தீமோத்தேயு 5:4 பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடமையைச் சொல்கிறது.