தாத்தாவின் டிவியும் பேரனின் ஹெட்போனும்

கேள்வி: என் மகன் ப்ளஸ் டூ, பயாலஜி குரூப். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஹெட்போனை மாட்டிப் பாட்டு கேட்டுக்கொண்டேதான் படிக்கிறான். ‘பாட்டு இல்லேன்னா எனக்குப் படிக்க வராதும்மா’ என்கிறான். இசை கேட்டால் மூளை நன்றாக வேலை செய்யும் என்று அவன் அப்பாவும் அவனுக்கே பரிந்து பேசுகிறார். காலாண்டில் உயிரியல் மார்க் இறங்கிவிட்டது. எனக்கோ வீட்டு வேலையே சரியாக இருக்கிறது. மே மாதம் மாமனார் வேறு ஊரிலிருந்து வந்துவிட்டார், காது மந்தம் என்பதால் அவர் வைக்கும் நியூஸ் தெருமுனை வரை கேட்கும். ஹெட்போனைப் பிடுங்கி வைத்துவிடட்டுமா?

பதில்: பிடுங்காதீர்கள். மே மாதம் மாமனார் வந்தார், ஜூன் மாதம் பையன் காதில் ஹெட்போன் ஏறியது. இரண்டையும் உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். முதலாவது போகிற போக்கில் ஒரு வரி, இரண்டாவதுக்குக் கடிதம் முழுக்கப் புகார்.

தெருமுனை வரை கேட்கிற நியூஸ், அதே வீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறவன் காதில் எப்படி விழும்? ‘தாத்தா, டிவியைக் குறைங்க’ என்று அவன் சண்டை போட்டதாக நீங்கள் எழுதவில்லை. பெரியவர் மனம் நோகாமல் தன் காதை அடைத்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் வளர்த்த பிள்ளை அது. அதற்குத் தண்டனை கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. மாமனார் வந்து ஐந்து மாதம் ஆகிறது. இசையையும் மூளையையும் பற்றிப் பேச நேரம் இருக்கிற உங்கள் கணவர், பெற்ற அப்பாவை ஒரு நாள் காது டாக்டரிடம் அழைத்துப் போனாரா? வீட்டில் இடம் கொடுத்து மூன்று வேளை சோறு போட்டால் மகன் கடமை முடிந்துவிடாது. காது மங்கிய பெரியவர்கள் முதலில் விடுவது பேச்சை. கேட்டதையே திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்கி, டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள். முதுமையில் வரும் மறதி நோயின் ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் காது மந்தமும் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2017லேயே பட்டியலில் சேர்த்தது. ‘வயசானா அப்படித்தான்’ என்று விடக்கூடிய விஷயம் இல்லை.

முதலில் இ.என்.டி. டாக்டர். சில பேருக்கு மந்தத்துக்கு இறுகிப்போன குறும்பியும் ஒரு காரணம். அதை டாக்டர் எடுத்துவிடுவார். நீங்கள் பட்ஸ் விட்டுக் குடைந்தால் இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். அதன்பின் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே எடுக்கலாம். கருவி வேண்டும் என்று சொல்லி, பண வசதி இல்லையென்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதொலிக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம்.

கருவி வாங்கிய பல வீடுகளில் அது டப்பாவிலேயே தூங்குகிறது. காரணம் உண்டு. முதல் சில நாள் தட்டு வைக்கிற சத்தம், மின்விசிறிச் சத்தம், பேச்சு எல்லாம் ஒன்றாக வந்து மோதும். பெரியவர் எரிச்சலில் கழற்றி வைத்துவிடுவார். முதல் வாரம் அமைதியான நேரத்தில் ஒரு மணி, இரண்டு மணி மட்டும் போடச் சொல்லுங்கள், மெல்லக் கூட்டுங்கள். சத்த அளவைச் சரிசெய்ய இரண்டு மூன்று முறையாவது திரும்பப் போக வேண்டியிருக்கும். அதற்கும் மகன்தான் கூடப் போக வேண்டும், மருமகள் இல்லை.

அதுவரைக்கும் டிவிக்கு ஒரு வழி. காதை முழுதாக மூடும் ஹெட்போனை இனி தாத்தா போடட்டும். டிவியில் ப்ளூடூத் இருந்தால் நேரே இணைக்கலாம். இல்லையென்றால், பின்னால் 3.5 எம்.எம். துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து மீட்டர் நீட்டிப்பு ஒயர் போதும். ஹெட்போனைச் செருகினால் பெரும்பாலான டிவிகளில் ஸ்பீக்கர் தானாக நின்றுவிடும். இதையும் அவரைக் குறை சொல்வது போலச் செய்யாதீர்கள். ‘உங்களுக்கு நல்லா கேக்கணும் மாமா’ என்று சொல்லிக் கையில் கொடுங்கள்.

இனி பாட்டு. உங்கள் கணவர் சொல்வது 1993ல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஆய்வின் தேய்ந்த வடிவம். 36 கல்லூரி மாணவர்கள், பத்து நிமிடம் மொசார்ட் என்ற மேல்நாட்டு இசைமேதையின் இசை. உருவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கிற வகைக் கேள்விகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம், அதுவும் கால் மணி நேரத்துக்குள் கரைந்துவிட்டது. முக்கியமாக, அவர்கள் இசையைக் கேட்டது வேலைக்கு முன்னால். வேலை செய்துகொண்டே இல்லை.

படிக்கும்போது மனத்துக்குள் ஒரு குரல் வரிகளைச் சொல்லிக்கொண்டே போகும். பாட்டின் சொற்களும் அதே இடத்துக்குத்தான் வந்து முட்டும். சலாமே, பேட்லி என்ற உளவியலாளர்கள் 1980களில் சோதித்தபோது, வாத்திய இசையைவிடச் சொல் உள்ள பாட்டுதான் ஞாபகத்தை அதிகம் கெடுத்தது. பிடித்த பாட்டு கெடுக்காது என்பதும் சரியில்லை. 2011ல் வந்த ஓர் ஆய்வில் பிடித்த இசையும் பிடிக்காத இசையும் ஒரே அளவு கெடுத்தன. உயிரியல் முழுக்கப் பெயரும் வரிசையும்தான். மார்க் அங்கே இறங்கியதில் ஆச்சரியம் இல்லை. ரெக்கார்டு நோட்டு எழுதும்போது, படத்துக்குப் பாகம் குறிக்கும்போது பாட்டு ஓடினால் ஓடட்டும். புதுப் பாடம் படிக்கும்போது, செய்யுள் மனப்பாடம் பண்ணும்போது வேண்டாம். வெளிச் சத்தத்தை மறைக்க வேண்டுமென்றால் டேபிள் ஃபேன் போதும். ஏற்ற இறக்கமில்லாத ஒரே சத்தம் ஞாபகத்தை அவ்வளவாகத் தொடாது.

இன்னொன்றும் இருக்கிறது. டிவியை மீற அவன் ஹெட்போன் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போயிருப்பான். பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 75 டெசிபல், வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 78க்கு 20 மணி, 81க்கு வெறும் 10 மணி. தினம் நாலு மணி என்றாலே வாரத்துக்கு 28 ஆகிறது. தாத்தா காதுக்கு டாக்டர் தேடுகிற வீட்டில் பேரன் காதையும் கெடுத்துக்கொள்ளலாமா?

‘பாட்டு இல்லேன்னா வராது’ என்பதற்கு நீங்கள் வாதாட வேண்டாம், அவனே சோதிக்கட்டும். டிவி அடங்கிய பிறகு, ஒரே அளவு கனமுள்ள இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம். ஒன்று பாட்டோடு, ஒன்று பாட்டில்லாமல். மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு மார்க் கேள்வி பத்து. அவனே திருத்தட்டும். நாலு நாள், முறை மாற்றி மாற்றி. ஒரு நாள் முடிவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அன்றைய பாடமே சுலபமாக இருந்திருக்கலாம். பொதுத்தேர்வில் மூன்று மணி நேரம் நிசப்தத்தில்தான் எழுதப்போகிறான். அந்த நிசப்தம் இப்போதே பழக வேண்டும். பாட்டைப் படிக்க உட்காருவதற்கு முன் பத்து நிமிடம் கேட்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது?

டாக்டரிடம் போவதை அரையாண்டு முடியட்டும் என்று தள்ளாதீர்கள். கணவரை இந்த வாரமே ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்கள்.