கொதித்த குழம்பில் மிஞ்சுவது

கடிதம்

ஐயா, வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை சூரை மீன் குழம்பு வைத்தேன். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிப்பு, தலைவலி. வால் துண்டு சாப்பிட்ட மகளுக்கு ஒன்றுமில்லை. ராத்திரிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. 'மீன் உங்களுக்குச் சேராது, இனி தொடாதீர்கள்' என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். இத்தனை வருஷம் சேர்ந்தது இப்போது ஏன் சேராமல் போகிறது? மீன் நாறவும் இல்லை, குழம்பையும் நன்றாகக் கொதிக்கவிட்டேன். கிருமி இருந்தாலும் செத்திருக்குமே?

— ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கிருமி செத்திருக்கும். செத்ததற்கு முன்பே வேலையை முடித்திருக்கும்.

சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் (புரதங்களைக் கட்டும் துண்டுகளில் ஒன்று) தாராளமாக உண்டு. மார்கனெல்லா போன்ற பாக்டீரியாக்களிடம் அதைச் சிதைக்க ஹிஸ்டிடின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது ஹிஸ்டிடினிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிடும், மிஞ்சுவது ஹிஸ்டமின். அலர்ஜியின்போது நம் உடம்பே வெளிவிடும் அதே சரக்கு. பார்க்கிறவர்கள் 'மீன் சேராது' என்று சொன்னதில் ஆச்சரியமில்லை.

பாக்டீரியாவுக்கு இதில் லாபம் உண்டு. வினை நடக்கும் ஒவ்வொரு தடவையும் செல்லுக்குள் ஒரு ஹைட்ரஜன் அயனி செலவாகிறது; புளிப்புக்குக் காரணமே அந்த அயனிதான். புளித்த சூழலில் மாட்டிக்கொண்டால் பிழைத்துக்கிடக்க அது உதவும். மார்கனெல்லாவின் நொதி வைட்டமின் பி6-இலிருந்து வரும் பைரிடாக்சல் பாஸ்பேட்டைத் துணைக்கு வைத்துக்கொள்கிறது. லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா வகையில் சிலவற்றின் நொதிக்கு அந்தத் துணையே வேண்டாம். தன் புரதச் சங்கிலியைத் தானே ஓரிடத்தில் வெட்டி, அங்கிருக்கும் செரின் என்ற அமினோ அமிலத்தைப் பைருவாயில் என்ற வேதித் தொகுதியாக்கி, அதை வைத்தே காரியத்தை முடித்துவிடும். குழம்புக்கு இதனால் நயா பைசா பிரயோஜனமில்லைதான். எனக்குப் பிடித்ததால் சொன்னேன்.

சரி, குழம்புக்கு வருவோம். சூட்டில் நொதி கெடும், ஹிஸ்டமின் கெடாது. வறுத்தாலும் புளி ஊற்றினாலும் அப்படியே இருக்கும். அதற்கென்று தனி நாற்றமும் இல்லை, ஆகவே மூக்கை நம்பிப் பயனில்லை. இன்னொன்று: ஒரு தடவை நொதி சேர்ந்துவிட்டால், பாக்டீரியா செத்த பிறகும் ஃபிரிட்ஜ் குளிரில் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். கெடுவது பெரும்பாலும் ஐஸ் இல்லாமல் கிடந்த நேரத்தில்தான். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 170 கிலோமீட்டர். வழி நெடுக ஐஸ் இருந்தால் அது ஒரு தூரமே இல்லை. வெயிலில் தட்டில் பரப்பி விற்கும் சூரையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மகள் தப்பித்ததற்கும் காரணம் இருக்கலாம். இந்தப் பாக்டீரியாக்கள் செவுளிலிருந்தும் குடலிலிருந்தும் பரவுவதால் அந்தப் பக்கத்துச் சதையில் ஹிஸ்டமின் கூடுதலாகவும் வால் பக்கம் குறைவாகவும் இருப்பது வழக்கம்.

இருவருக்கும் ஒரே சமயத்தில் வந்திருப்பதால் இது அலர்ஜியாக இருக்காது என்றே நினைக்கிறேன். ஒரு தடவை டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குள் மீனைத் தலைமுழுக வேண்டாம். மூச்சு வாங்கினால் மட்டும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம், வீட்டில் யாராவது காசநோய்க்கு ஐசோநியாசிட் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு இந்த வகை மீன் கொடுக்க வேண்டாம். நம் குடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியை அந்த மாத்திரை தடுக்கும்.