ஒரு நாடு உலக வல்லரசாக எழுவதற்கும் விழுவதற்கும் அதன் பண்பாடுதான் காரணமா?

எழுவதற்கு ஓரளவு ஆமாம். விழுவதற்கும் பண்பாடே காரணம் என்பது பெரும்பாலும் நடந்து முடிந்த பிறகு சொல்லும் ஜோசியம். சீனா ஏழையாக இருந்தபோது அந்நாட்டின் பழைய ஞானி கன்பூசியஸின் போதனைதான் காரணம் என்றார்கள். பணக்கார நாடானதும் அதற்கும் கன்பூசியஸே காரணம் என்கிறார்கள். அந்த மனுஷன் என்னதான் செய்வார்?

பொத்தாம்பொதுவாகப் பேசினால் இப்படித்தான் ஆகும் என்பதால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன்: 17ஆம் நூற்றாண்டின் நெதர்லாந்து. நமக்கு டச்சுக்காரர்கள், இலங்கைத் தமிழர்களுக்கு ஒல்லாந்தர். மொத்த மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டாது. நிலத்தில் ஒரு பகுதி கடலோடு மல்லுக்கட்டி மீட்டது. இவர்களிடம் ஐரோப்பாவிலேயே பெரிய வணிகக் கப்பல் கூட்டம் எப்படி வந்தது?

‘கடும் உழைப்பாளிகள், சிக்கனக்காரர்கள்’ என்று சிலர் சொல்வார்கள். இதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஸ்பெயின் நாட்டு விவசாயி மட்டும் படுத்தா தூங்கினான்? என் கணக்கில் இரண்டு பழக்கங்கள்தான் வேலை செய்தன.

முதலாவது, அறிமுகமில்லாதவனோடு சேர்ந்து பணம் போடுவது. அங்கே கரை உடைந்தால் பண்ணையார் நிலமும் முழுகும், கூலிக்காரன் வீடும் முழுகும். அதனால் 13ஆம் நூற்றாண்டிலேயே கரையையும் வாய்க்காலையும் பராமரிக்க வட்டாரம் வட்டாரமாக நீர் வாரியங்கள் இருந்தன. நம் குடிமராமத்து மாதிரிதான். ஆனால் அவற்றுக்கு வரி போடவும் தவறியவனைத் தண்டிக்கவும் அதிகாரம் இருந்தது. பொதுப் பணம், பொதுக் கணக்கு, கேள்வி கேட்கும் உரிமை எல்லாம் கப்பல் கட்டுவதற்கு முன்பே ஊருக்குள் பழகிவிட்டன.

1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியபோது நாட்டில் வசிக்கும் யார் வேண்டுமானாலும் பங்கு வாங்கலாம் என்றார்கள். ஆம்ஸ்டர்டாமில் டிர்க் வான் ஓஸ் என்ற இயக்குநரின் வீட்டிலேயே பேரேட்டைத் திறந்து வைத்துப் பெயர் எழுதினார்கள். ஆகஸ்ட் 31 கடைசி நாள். 1,100க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். கடைசி நேரத்தில் சேர்ந்தவர்களில் அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணும் ஒருத்தி. அவள் போட்டது 100 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்). அவளுடைய ஒரு நாள் கூலி அரை கில்டரைத் தாண்டாது என்றால், 200 நாள் கூலிக்குக் குறையாத தொகை! பெரும் வணிகர்கள் பெயர் இருந்த அதே பேரேட்டில் அவள் பெயரும் ஏறியது. அதே காலத்தில் ஸ்பெயினில் அமெரிக்க வணிகம் அரசாங்கத்தின் பிடியில். கொஞ்சம் காசு சேர்த்தவன் கடையை மூடிவிட்டுப் பிரபுப் பட்டம் வாங்கவே ஆசைப்பட்டான்.

இரண்டாவது, வந்தவனை உள்ளே விட்டது. ஸ்பெயின் 1492இல் யூதர்களை விரட்டியது. போர்ச்சுகல் 1497இல் கட்டாய மதமாற்றம் செய்தது. 1585இல் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆன்ட்வெர்ப் நகரம் ஸ்பெயினிடம் விழுந்தபோது, கத்தோலிக்கராக மாறாத புராட்டஸ்டன்டுகள் வெளியேற நான்கு ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். இவர்களில் ஏராளமானோர் பணம், தொழில்நுணுக்கம், ஊர் ஊராக இருந்த வணிகத் தொடர்புகள் எல்லாவற்றோடும் போய்ச் சேர்ந்த இடம் ஆம்ஸ்டர்டாம். அதற்காக அந்த ஊரைச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே கத்தோலிக்கர் வெளிப்படையாகத் தொழ முடியாது. வீட்டு மாடிக்குள் மறைவாகத் தேவாலயம் வைத்துக்கொண்டார்கள், அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்தார்கள். வியாபாரம் நடக்க அந்த அளவு போதுமாக இருந்தது.

இந்தப் பெருந்தன்மை எல்லாம் சொந்த ஊரில்தான். 1621இல் சாதிக்காய்க்காக இன்றைய இந்தோனேசியாவின் பாண்டா தீவு மக்களை ஏறக்குறைய அழித்தே விட்டார்கள். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறையின் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். அதே துறையிலிருந்து துணி மூட்டைகளோடு அடிமைகளும் பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறினார்கள். பண்பாட்டால் உயர்ந்த நாடு என்று யாராவது சொன்னால் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சரி, ஏன் விழுந்தார்கள்? தாத்தா சம்பாதித்தார், அப்பா காத்தார், பேரன் வட்டியில் உட்கார்ந்து தின்றான் என்ற கதை எல்லாருக்கும் பிடிக்கும். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. நகரப் பதவிகள் சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிவந்தன. ஆனால் 1672ஐப் பாருங்கள். பிரான்சும் இங்கிலாந்தும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. பிரான்சின் மக்கள்தொகை மட்டும் இரண்டு கோடியளவில். அதை எதிர்த்து நிலப்படை, இங்கிலாந்தை எதிர்த்துக் கடற்படை என்று பத்தில் ஒரு பங்கு ஜனத்தொகை உள்ள நாடு எத்தனை காலம் கடன் வாங்கும்?

அதைவிடப் பெரிய அடி, இவர்களின் வித்தையை மற்றவர்கள் கற்றுக்கொண்டது. 1688இல் டச்சுத் தலைவர் வில்லியமே படையோடு போய் இங்கிலாந்தின் அரியணையைப் பிடித்தார். 1694இல் அரசுக்குக் கடன் கொடுக்க இங்கிலாந்து வங்கி வந்தது. பிறகு டச்சுப் பணக்காரர்களே ஆங்கிலேய அரசின் கடன் பத்திரங்களை வாங்கிக் குவித்தார்கள். உள்ளூரில் வட்டி குறைவு, அங்கே கூடுதல். இதில் சோம்பேறித்தனம் எங்கே வந்தது? 1780இல் அதே இங்கிலாந்து போர் தொடுத்தது, 1781இல் டச்சுக்காரர்கள் கையிலிருந்த நாகப்பட்டினம் பறிபோனது, 1799இல் கம்பெனியின் கதை முடிந்தது.

பண்பாடு அழுகித்தான் வீழ்ந்தார்கள் என்றால் நெதர்லாந்து இன்று ஏழை நாடாக இருக்க வேண்டும். ஐரோப்பாவின் வசதியான நாடுகளில் அதுவும் ஒன்று. பழைய நீர் வாரியங்கள் இன்றும் இருக்கின்றன, அவற்றுக்குத் தனியாகத் தேர்தலும் நடக்கிறது. போனது கடலாதிக்கமும் காலனிகளும்தான்.